பீலியோரத்து ஏஞ்சலிகா

என் நாத்தனார் பெரியாயிக்குப் புத்தி நிறைய உண்டு. அவர் கைக்குத்தான் கிடையாது. குமரியாக இருந்த நாளில் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கிய கை அது. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்காது. வேலியோரம் நடந்தால் வேலித் தளிரைக் கிள்ளும். கோயில் வாசலில் நின்று பேசினால் துளசியைக் கிள்ளும். கிள்ளியதை மூடிய உள்ளங்கையில் சேர்த்து வைத்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசும். முதுகில் கூடை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது.

"மதினி, கூடை எங்க?" என்று நான் கேலி செய்வேன்.

"அட போடி!" என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு, கேலி எல்லாம் ஏஞ்சலிகா மொட்டு விட்ட வாரத்தோடு நின்றுபோனது.

ஏஞ்சலிகா என்றால் செடி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், பங்களாச் சோம்பு என்பார்கள். பங்களாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எனக்குத் தந்தவர் பதுளையில் கேக் செய்து விற்கும் ஸித்தி ஸுபைதா. துவாரகா என் வயிற்றில் வரும்வரை நான் அவரிடம்தான் வேலை செய்தேன். கல்யாணக் கேக்கின் மேலே பச்சைப் பசேலென்று சின்னச் சின்னத் துண்டாக வைப்பார்களே, அது சீனிப்பாகில் ஊறிய ஏஞ்சலிகாத் தண்டு. முன்பு வெளிநாட்டிலிருந்து டின்னில் வரும். நாட்டில் டொலர் இல்லாமல் சாமான் வரத்து நின்ற வருஷம் அதுவும் நின்றது. மற்றதெல்லாம் திரும்பி வந்தது, இது வரவில்லை.

"பப்பாக்காய்க்குப் பச்சைச் சாயம் போட்டு எத்தனை நாளைக்கு மகள் ஆக்கள ஏமாத்துற?" என்று சொல்லிச் சொல்லி, வெளிநாட்டிலிருக்கும் தம்பியிடம் ஒரு உறை விதை எடுப்பித்தார். பதுளை வெயிலில் ஒன்றும் முளைக்கவில்லை. மிச்சத்தை என் கையில் தந்தார். "குளிர் நாட்டுச் செடி. ஒங்கட பக்கம் எந்த நாளும் பனி இரிக்கிதானே, போட்டுப் பாருங்க."

எங்கள் லயம் பெரகலச் சந்திக்கு மேலே, அப்புத்தளைக்குப் போகும் மலைச்சரிவில் இருக்கிறது. மத்தியானமே மூட்டம் இறங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழும் பீலி. அந்தத் தண்ணீர் வழிந்தோடும் ஈர மண்ணில் விதையைத் தூவினேன். ஒன்றே ஒன்று முளைத்தது. அதை நான் பார்த்த பார்வையில் என் வீட்டுக்காரர் நிமலனே பொறாமைப்பட்டார்.

முதல் வருஷம் இலைதான். செலரி இலையைப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். கசக்கினால் செலரியும் சோம்பும் சேர்ந்த வாசம். ஒரு காம்பை நறுக்கி மரத்தக்காளி ஜாமில் போட்டேன், புளிப்பு பாதி குறைந்து சீனியும் மிச்சமானது. வயிற்றில் வாயு என்று வந்தவர்களுக்கு இலையைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் கணபதி மாமா ஒரு கோப்பை குடித்துவிட்டு விட்ட ஏப்பம் அடுத்த லயத்துக்குக் கேட்டது. பிறகு தினமும் வந்து நின்றார். மாசமாக இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்காதே என்று ஸுபைதா உம்மா சொல்லியிருந்தார், கொடுக்கமாட்டேன். இன்னொன்றும் உண்டு. இதன் பால் கையில் பட்டு, அந்தக் கையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் போடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

இந்தச் செடி பூத்து விதை விட்டால் செத்துவிடும். விதையும் லேசுப்பட்டதல்ல, உதிர்ந்த சூட்டோடு மண்ணுக்குப் போக வேண்டும். வைத்திருந்தால் உயிர் போய்விடும். உறை நிறைய விதைக்கு ஒன்று முளைத்தது அதனால்தான். ஆக எனக்கு இருந்தது ஒரு செடி, ஒரு பூப்பு. அது விதை விட்டு, நான் ஒரு பாத்தி நிறைய முளைக்க வைத்துவிட்டால், தண்டெல்லாம் ஸுபைதா உம்மா எடுத்துக்கொள்வார். பாகும் நானே வீட்டில் போட்டுக் கொடுக்கலாம். "வேற ஆள் தேட மாட்டேன்" என்று வாக்குத் தந்திருந்தார்.

அந்த வாக்கில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாங்கள் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் சுவரோடு நிற்கிறது. நிமலன் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறார், மதினி கொழுந்து எடுக்கிறார், இரண்டும் சேர்ந்து வயிற்றுக்குத்தான் காணும். நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று பேச்சு வந்து, பதுளை ஏஜென்ட் நிஷாந்திடம் என் பாஸ்போர்ட்டும் போய்விட்டது. துவாரகா இரண்டாம் வகுப்பு. அவளை விட்டுவிட்டுப் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் நிமலனிடம் நேராகவே கேட்டேன். "என்னங்க, செடி வெத விட்டு பாத்தி மொளைச்சிட்டா?"

"மொளைச்சிட்டா போக வேணாம். இல்லாட்டிப் போகத்தான் வேணும் சுபா. மழைக்கு முன்னாடி கூரை போடணும்."

மதினியும் அங்கேதான் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தார். எல்லாம் கேட்டார்.

மதினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரைக் கட்டியவர் கொழும்புக்கு வேலைக்கென்று போனவர் போனவர்தான். பிள்ளை கிடையாது. தாயில்லாத நிமலனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். இப்போது துவாரகாவுக்குத் தலை சீவுவது, குளிப்பாட்டுவது, கதை சொல்வது எல்லாம் அத்தைதான். ராத்திரியில் பிள்ளை என் பக்கத்தில் படுக்கும், விடியும்போது அத்தை பாயில் கிடக்கும். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லவும் முடியாது.

இரண்டாம் வருஷம் செடி என் உயரத்துக்கு வந்தது. தண்டு மூங்கில்போல் உள்ளே கூடு. உச்சியில் உறைக்குள் மொட்டு, பிள்ளையின் பொத்திய கையளவு. பக்கத்தில் இன்னும் மூன்று. மொட்டு வந்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். துவாரகாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன், பீலியிலிருந்து லயத்துக்கு வரும் பாதையில் பச்சையாக என்னவோ கிடந்தது. எடுத்தேன். என் மொட்டு. நாலடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் பக்க மொட்டு ஒன்று, உறை கிழிந்து கிடந்தது. கிள்ளிய இடம் கத்தி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அப்படி முறிக்க எங்கள் வீட்டில் ஒரு கைதான் உண்டு.

மதினி கதவடியில் தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். சித்தி மகளிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மதினி! இது என்ன?"

அவர் பார்த்தார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தார். நாலாவது மொட்டு உள்ளங்கையில் இருந்தது.

"ஐயையோ... நானா கிள்ளுனேன்?"

பூத்த தேயிலையைப் பார்த்தால் கங்காணி ஏசுவார், செடியின் மேல்மட்டம் கெட்டுப்போகும், அரும்பு கண்ட இடத்தில் கிள்ளு என்பார். வாழ்நாளெல்லாம் அப்படியே பழகியவர் குடம் நிறையும்வரை செடிப்பக்கம் நின்று பேசியிருக்கிறார். நடந்தது அவ்வளவுதான். இப்போது இதை நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு நிதானம் எங்கே இருந்தது?

"ரெண்டு வருஷமா ஒரு பூவுக்குத் தவம் கெடந்தேன்! ஒங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு?"

"தெரியாம பண்ணிட்டேன் சுபா. கை பாட்டுக்கு..."

"தெரியாமயா? நல்லாத் தெரிஞ்சுதான் பண்ணீங்க. நான் தொலைஞ்சா புள்ள ஒங்களுக்குத்தானே! அதுக்குத்தானே கிள்ளுனீங்க?"

துவாரகா என் கையை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த நிமலன், "சுபா, வாய மூடு" என்றார். மூடினேன். மதினி உள்ளே போய் வழக்கம்போல் சோற்றுக்கு உலை வைத்தார். எல்லாருக்கும் போட்டார், எனக்கும் போட்டார். அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. "துவாரகா, அத்தைகிட்ட உப்பு கேளு" என்பேன். "துவாரகா, அம்மாகிட்ட குடு" என்பார். உப்பு எங்களுக்கு நடுவில் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பிள்ளை அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, பிறகு அலுத்துப்போய், "நீங்களே எடுங்க" என்று விட்டாள்.

மொட்டைக் கிள்ளிய மறுநாள் அவர் கொழுந்து எடுக்கும் மலையில் வெயிலோடு நின்றிருக்கிறார். விரலெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பியது. சீலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார், ஒருநாள்கூட வீட்டில் நிற்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் ஒன்றும் கல் இல்லை, தேங்காயெண்ணெய்ப் போத்தலை அவர் பாய்ப்பக்கம் வைத்தேன். அவர் தொடவில்லை. சரி, உங்கள் இஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன்.

செடிப்பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீருக்குப் போனாலும் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு குடத்தை நிரப்பினேன். நிமலன் ஏஜென்டிடம் பேசிவிட்டு வந்தார். சனிக்கிழமை பதுளையில் மெடிக்கல். சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். நான் "சரி" என்றேன். துவாரகாவிடம் நான் பிளேனில் போகப்போவதைச் சொன்னபோது, அவள் "அப்ப அத்தை இருப்பாங்கதானே?" என்று கேட்டாள். பெற்றவளுக்கு அப்படி ஒரு கேள்வி வரக் கூடாது.

சனிக்கிழமை காலையில் மதினி எனக்கு முன்பே கிளம்பிவிட்டார். பெரட்டுக்குத்தான் என்று நினைத்தேன். பிள்ளையைக் கணபதி மாமா வீட்டில் விட்டுவிட்டு, போகிற வழியில் ஸுபைதா உம்மாவுக்கு வேரையாவது தோண்டிக் கொடுப்போம், அதுவும் வயிற்றுக்கு மருந்துதானே என்று மண்வெட்டியோடு பீலிக்குப் போனேன்.

செடியைச் சுற்றி மாட்டெரு போட்டிருந்தது. அதன்மேல் காய்ந்த மானாப்புல் பரப்பியிருந்தது. களை ஒன்றுகூட இல்லை. யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. மண்வெட்டியை ஓங்குமுன் புல்லை ஒதுக்கினேன். அடித்தண்டைச் சுற்றி, மண்ணோடு மண்ணாக, விரல் நீளத்தில் இளம்பச்சையாகக் குட்டிகள். ஒன்று இரண்டல்ல, வட்டமாகச் சுற்றிக் கிளம்பியிருந்தன. கசக்கிப் பார்த்தேன். அதே செலரி, அதே சோம்பு.

ஸுபைதா உம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குட்டியா? வேரோட இரிக்கா பாருங்க."

ஒன்றின் பக்கத்தில் மண்ணைக் கிளறினேன். வெள்ளை வேர் தெரிந்தது. "இருக்கு உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்! பூக்க விடாட்டிச் செடி சாகாது, சத்தெல்லாம் அடியால வரும். அதப் பிரிச்சு நட்டா வெதைய விடச் சுருக்கா வளரும். அடுத்த வருஷம் எனக்குத் தண்டு வருமா வராதா?"

"வரும் உம்மா."

"அப்ப பொறகென்ன? எங்கயும் போகாதீங்க, நான் எடுக்குறன்."

பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். அழுதேன் என்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான். முகத்தை இன்னும் துடைக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது. ஏஜென்ட் நிஷாந்த்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வரலியா? உங்க மதினி வந்திருந்தாங்க."

"யாரு? எதுக்கு?"

"உங்களுக்குப் பதிலா அவங்கள அனுப்பச் சொல்றாங்க. வயசு கூடிருச்சு, ஏலாதுன்னு சொன்னேன். கேக்குறாங்க இல்ல. சுபாஜினி பாஸ்போட்டுல என் படத்த ஒட்டிக் குடுங்க, பேருக்கு ஒரு ஆளு போனா சரிதானேன்னு சொல்றாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. இப்பதான், வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல போய் ஒக்காந்தாங்க."

எங்கள் லயத்தில் அப்படித்தான் செய்வார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தங்கச்சியோ மகளோ அவள் கூடையை மாட்டிக்கொண்டு அவள் பேருக்கு மலைக்குப் போவாள். மதினி குவைத்தையும் ஒரு மலையாகத்தான் நினைத்திருக்கிறார்.

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நிமலனிடம் ஓடினேன். குட்டி வந்ததைச் சொன்னேன், மதினி போனதைச் சொன்னேன். அவர் இரண்டையும் கேட்டு அப்படியே ஆட்டோவில் சாய்ந்துவிட்டார். "நீயே போய்க் கூட்டிட்டு வா. ஏசுனது நீ, நான் போனா அக்கா வராது" என்றார். அது சரிதான். பதுளை பஸ்ஸில் ஏறினேன். அப்புத்தளையில் மூட்டம், பண்டாரவளையில் கூட்டம், பதுளையில் இறங்கும்போது சுள்ளென்று வெயில். வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன்.

மதினி பஸ் ஸ்டாண்டில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை. மடியில் அடையாள அட்டையைப் பிடித்திருந்தார். கொப்புளம் ஆறிய விரல்களில் கறுப்புத் தழும்பு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், நான் ஏதோ தோட்டத்துரை என்பதுபோல.

"ஒக்காருங்க" என்றேன். சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "யாரக் கேட்டு இங்க வந்தீங்க?"

"நான் கிள்ளுனது. நான்தானே போகணும்."

"ஒங்கள யாரு போகச் சொன்னா?"

அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நீ அன்னைக்குச் சொன்னது பொய்யில்ல சுபா. நீ போயிட்டா புள்ள எங்கூடவே இருக்கும்னு ஒருநாள் நெனச்சேன். ஒருநாள் இல்ல, ரெண்டு மூணு நாள். நெனச்சு, சீ என்ன புத்தின்னு என்னையே ஏசிக்கிட்டேன். பூவ நெனச்சுக் கிள்ளல, மாரியாத்தா சத்தியம். ஆனா நீ அப்படிக் கேட்டதும் பயந்துட்டேன். மனசுல இருந்ததத்தான் கை செஞ்சிருச்சோன்னு. இந்த ஒரு மாசமா இதேதான் ஓடுது. எனக்கே தெரியலடி."

அவர் நினைத்தார் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. வராது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி நினைத்ததை யார் வாய்விட்டுச் சொல்வார்? நானாக இருந்தால் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். அவர் விரலைப் பிடித்துப் பார்த்தேன். தோல் இன்னும் சொரசொரவென்று இருந்தது. அந்த விரலால்தான் என் பிள்ளைக்கு ஒரு மாதமாகத் தலை சீவியிருக்கிறார்.

"செடி சாகல மதினி. அடியில குட்டி வந்துருக்கு, நெறைய. நீங்க கிள்ளுனதாலதான் வந்துச்சாம். நான் எங்கயும் போகல."

அவர் நம்பவில்லை. என் வாயையே பார்த்தார். "நெசமாவா? புள்ள மேல சத்தியமா?"

"புள்ள மேல சத்தியமா. நாளைக்கு ஞாயித்துக்கெழம, பிரிச்சு நடணும். நீங்களும் வாங்க."

"ஐயோ, நான் மாட்டேன்மா. இனி அந்தச் செடிப்பக்கமே என் கை போகாது. என்ன நம்பி..."

"பெத்த புள்ளையவே ஒங்க மடியில போட்டு வெச்சிருக்கேன். செடி என்ன பெரிய செடி?"

சொன்ன பிறகுதான் நான் சொன்னதை நானே கேட்டேன். மதினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புத்தளை பஸ் ஒன்று எங்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்ததில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.